கோடு மறையும் வரை

கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த ஹெட்செட் கொஞ்சம் இம்சைதான், மேடம். உங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் லென்ஸில் கீறல் விழுந்துவிடும். பின்பட்டையை ரொம்ப இறுக்க வேண்டாம். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும் எங்கே கழன்று விழுந்துவிடுமோ என்று இறுக்கிக்கொள்வார்கள். கழற்றிய பிறகு பார்த்தால் நெற்றியிலும் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சிவப்பாகக் கோடு பதிந்திருக்கும். எனக்குச் சதைப்பற்றான முகம். சீக்கிரம் பதியும், லேசில் போகாது. ஆபீஸில் இதை வைத்தே என்னை ஓட்டுவார்கள், "என்னப்பா, ஆந்தை வந்தாச்சா" என்று.

மெட்டாவெர்ஸ் என்றால் என்ன, கம்ப்யூட்டர் விளையாட்டுதானே என்று கேட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் விளையாட்டு என்றால் ஆடி முடித்ததும் முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஒரு மேசைமேல் நீங்கள் ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டால், நீங்கள் இல்லாதபோதும் அந்த டம்ளர் அங்கேயே இருக்கும். வேறு யாராவது வந்து அதை நகர்த்தி வைத்தால், நீங்கள் திரும்பி வரும்போது நகர்ந்த இடத்தில் இருக்கும். ஆள் போனாலும் இடம் இருந்துகொண்டே இருக்கும், அதில் பல பேர் ஒரே நேரத்தில் இருக்கலாம், அவ்வளவுதான் சங்கதி. மற்றதெல்லாம் அதற்கான தளவாடம். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னத் திரைகள். ஒரே காட்சியை இரண்டிலும் ஒரு நூலிழை வித்தியாசத்தில் காட்டினால், மூளை அதை ஆழம் என்று நம்பிவிடும், பாவம். வெளிப்பக்கக் கேமராக்கள் உங்கள் தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கும். உள்பக்கக் கேமராக்கள் கண்ணையும் வாயையும் பார்க்கும். இத்தனையையும் வாங்கி, அங்கே உங்களுக்குப் பதிலாக நிற்கும் ஓர் உருவத்துக்கு மாட்டிவிடுவோம். அதற்குத்தான் அவதார் என்று பெயர். நீங்கள் புருவத்தைத் தூக்கினால் அது தூக்கும். இப்போது நீங்கள் தூக்கியது போல.

அந்த உருவங்களைச் செய்வதுதான் என் வேலை. ஆளை நடுவில் நிறுத்திச் சுற்றிச்சுற்றிப் படமெடுப்பேன். கொஞ்ச நேரம் பேசவைத்துக் குரலை எடுத்துக்கொள்வேன். பிறகு உட்கார்ந்து உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைப்பேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் நல்ல கை. பெரிய நிறுவனத்து முதலாளிகள் எல்லாம் தங்கள் அவதாரைப் பார்த்துவிட்டு, "நம்ம தொப்பைய மட்டும் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று சொல்வார்கள். அதை மட்டும் மாற்றச் சொன்னால் மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா போனபோது நான் சின்னப் பையன். அக்காதான் வளர்த்தாள். அவள் கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அத்தானும் முகம் சுளிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அவர்கள் வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டேன். அத்தான் இறந்த பிறகு கீழே அக்காவும் அவள் மகனும், மேலே நான். நான் வளர்த்தி இல்லாதவன், இந்த வயதிலும் அக்காவுக்குப் பொடியன்தான். "பொடியா, சாப்பிட வாடா" என்று மாடிப்படி அடியில் நின்று கத்துவாள். நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். சாப்பிட்டாயா, மோட்டார் போட்டாயா, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே. ஒரே வீட்டில் இருப்பவர்கள் வேறு என்ன பேசிக்கொள்வார்கள்.

அவள் மகன் எனக்கு நேர்மாறு. வாசற்கதவில் குனிந்துதான் நுழைவான். நான் அவனை நெட்டை என்பேன், அவளுக்கு அவன் ராசா. படிப்பு முடிந்ததும் கப்பலில் எஞ்சின் அறை வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து, ஹாலில் நாற்காலியோடு அடங்கிவிட்டிருந்தாள். அவனை நினைத்து நினைத்து உருகிப்போனாள். போனில் அவன் முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும், அதுவும் பாதியில் நின்றுபோகும். அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால் நான் ஹாலை அப்படியே செய்தேன். அந்த ஹால், அந்தச் சாப்பாட்டு மேசை, சுவரில் ஈரம் பூத்த இடம் உட்பட. ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன். எங்கள் ஹாலிலிருந்து வாசற்கதவுக்குப் போகும் நடைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அவதார்கள் அந்த இடத்தில் நடந்தால் பாதம் தரைக்குள் புதைந்து அசிங்கமாகத் தெரிந்தது. படியை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக நிரவிவிட்டேன். எங்கள் தொழிலில் இதெல்லாம் சர்வசாதாரணம், கண்ணை உறுத்துவதை நிரவிவிடுவோம். அக்காதான் ஹெட்செட்டோடு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாளே. ஹெட்செட்டில் ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு, நாம் தரையில் வரைந்து வைக்கும் வட்டம். அதைத் தாண்டப் போனால் கண்முன் வலை மாதிரி ஒன்று தெரிந்து எச்சரிக்கும். அதை அவள் நாற்காலியைச் சுற்றியே போட்டுவைத்தேன்.

நெட்டைக்கும் ஒரு ஹெட்செட் வாங்கி அனுப்பினேன். கப்பல் கரையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான். வந்தான் என்பதும் பெயருக்குத்தான். துறைமுகத்து இணைப்பு அப்படி. இவள் ஒன்று கேட்டால் அது அவனுக்குப் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் இவள் அடுத்ததைக் கேட்டுவிடுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு, நீ சொல்லு" என்றே பொழுது போய்விடும். பல வாரம் அவனால் வரவே முடியாது. அக்கா மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம். நான் மாடியில் கம்ப்யூட்டரில் அந்த ஹாலைத் திறந்து பார்த்தேன். அவள் அவதார் எதிர்நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தது. நீவி முடித்து, மறுபடி முதலிலிருந்து நீவியது. நெட்டையின் அவதார் என்னிடம்தான் இருந்தது, குரலும் இருந்தது. இன்றைக்கு வர முடியாது என்று அவன் வாயாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் என் ஹெட்செட்டை மாட்டினேன். சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, மெல்லப் பேசினால் போதும். அவன் குரலாக மாற்றுவது மென்பொருளின் பாடு.

உள்ளே போனதும் அக்கா நிமிர்ந்தாள். அவனுடைய உயரத்திலிருந்து அன்றுதான் அவள் தலை வகிட்டை மேலேயிருந்து பார்க்கிறேன். அதுவும் நானே போட்ட வகிடுதான். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னைக்கு லைன் நல்லா இருக்குடா ராசா. பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

வர முடியாது என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசினேன்.

அடுத்த ஞாயிறும் பேசினேன். எனக்கு அந்த நேரத்தில் ஆபீஸ் மீட்டிங் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவள் மகனிடம் பேசுவதற்கும் என்னிடம் பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அத்தானைப் பற்றி, அவள் படிக்க ஆசைப்பட்டு விட்டுவிட்டதைப் பற்றி, முழங்காலில் கத்தி வைக்கப் பயமாக இருப்பதைப் பற்றி. இதில் ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. ஒரு நாள் பேச்சு என்மேல் திரும்பியது.

"உங்க மாமா பாவம்டா. வாயத் திறந்து பேசத் தெரியாது அவனுக்கு. ஆனா அவன் மட்டும் மேல இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன். நேர்ல சொன்னா தலைமேல ஏறி உக்காந்துக்குவான், அதான் சொல்றதில்ல."

எனக்குச் சொல்லவே கூசுகிறது, மேடம். அதற்குப் பிறகு நான் அக்காவுக்காகப் போகவில்லை. அதைக் கேட்பதற்காகப் போனேன். பேச்சை நானே வளைத்து என்னிடம் கொண்டுவருவேன். "மாமா எப்படிம்மா இருக்காரு?" என்பேன், அவனுடைய குரலில். அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒரு வளர்ந்த ஆள், அக்காள் மகனின் தோலை மாட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்பதற்காக உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது, ஆனால் ஞாயிறு வந்தால் மாட்டிக்கொண்டுவிடுவேன்.

ஒரு நாள் பேசி முடித்த கையோடு சாப்பிடக் கீழே போய்விட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"என்னடா முகத்துல கோடு கோடா?"

"தூங்கிட்டேன்க்கா. தலகாணி."

"ஞாயித்துக்கிழம ஆனா மட்டும் உன் தலகாணி இப்படிக் கடிக்குதே" என்று சிரித்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அவள் அதற்குமேல் கிளறவில்லை. அன்றிலிருந்து கழற்றியதும் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, விசிறிக்கு நேராக உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்து, கோடு முழுக்க மறைந்த பிறகுதான் கீழே இறங்குவேன். அதில் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.

இன்னொரு தடவை எனக்குச் சளி பிடித்திருந்தது. உள்ளே பேசும்போது இருமிவிட்டேன். இருமலும் அவன் குரலில்தான் போனது, அதில் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் மாடிப்படியின் அடியில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறாள். வாரம் முழுக்க வீட்டில் இருமிக்கொண்டுதானே இருந்தேன், அது காதில் விழுந்திருக்கும்.

நிஜமான நெட்டையை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். வீட்டு ஹெட்செட் பழுது என்றேன். அப்புறம் அக்காவுக்கு அதை மாட்டினால் தலை சுற்றுகிறது என்றேன். அக்காவின் போனையும் நான்தான் பார்த்துக்கொள்வேன், அவளுக்குச் சின்ன எழுத்து தெரியாது, அவன் அழைத்தாலும் எழுதினாலும் என் கைக்குத்தான் வரும். அதனால் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் தனக்கு லீவு கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதினான். அவன் வந்து நின்று, "அம்மா, உன்னப் பார்த்து எத்தன நாளாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் குட்டு வெளிப்பட்டுவிடும். மானம் போய்விடும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அக்காவின் அவதாரும் என்னிடம்தானே இருந்தது.

அம்மாவுக்குத் தலைசுற்றல் சரியாகிவிட்டது, பேச ஆசைப்படுகிறாள் என்று சொல்லி அவனை ஹாலுக்கு வரச் சொன்னேன். வந்தான். நான் அக்காவின் நாற்காலியில் அக்காவாக உட்கார்ந்திருந்தேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன், அவள் அப்படித்தான் செய்வாள்.

"இப்ப வராதடா ராசா" என்றேன். "நீ வந்து நாலு நாள் இருந்துட்டுக் கிளம்பினா, அதுக்கப்புறம் எனக்குப் படுக்கைதான். நீ இல்லாம பழகிட்டேன். இப்படியே இருக்கட்டும்."

அவன் அசையாமல் நின்றான். இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அவன்தான் அப்படியே நின்றிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா, நீ சொன்னா சரி" என்றான். அதற்குப் பிறகு அவன் வருகிறேன் என்று கேட்கவில்லை. அந்த வாரமே நான் அவனாக உள்ளே போய், லீவு கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் வாடியதைக் கேமரா துல்லியமாகப் பிடித்துக் காட்டியது. அப்புறம் தேற்றிக்கொண்டாள்.

"பரவால்லடா. இப்படி ஒருத்தர் எதிர்ல வந்து உக்காந்து பேசறதே பெருசு" என்றாள்.

நான் செய்த அந்த ஹாலில் அவர்கள் இரண்டு பேருமே அதற்குப் பிறகு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இனி அந்த ஞாயிறு. யார் கிளம்பினாலும் வாசல்வரை வந்து வழியனுப்புவது அக்காவின் வழக்கம். கால் போன பிறகு அது முடியாமல் போனதில் அவளுக்கு மனக்குறை. முந்தின வாரம், "ஒரு தடவையாவது உன்ன வாசல்வர வந்து அனுப்பணும்டா, மெதுவா சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடந்துருவேன்" என்றாள். வேண்டாம் என்று நெட்டையாக என்னால் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பு எல்லையை மாடியிலிருந்தே வாசற்கதவுவரை நீட்டிப் போட்டேன். கதவுவரை வலை தெரியாது, சௌகரியமாக நடப்பாள் என்று நினைத்தேன். படி ஞாபகத்துக்கு வரவில்லை. தினமும் நான் ஏறி இறங்கும் படி அது. ஆனால் ஞாயிறுகளில் நான் இருந்த வீட்டில் அது இல்லை. நானே நிரவிவிட்டிருந்தேன்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் கதவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். "மெதுவா போடா, நெட்டக்காலு" என்று சிரித்தாள்.

சத்தம் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஒரே வீடுதான் என்றாலும், ஹெட்செட் பிடிக்கும் சத்தம் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத்தான் என் காதுக்குத் திரும்பி வரும். முதலில் மாடித் தரை வழியாக என் பாதத்தில் அதிர்ந்தது. ஒரு கண்ணிமைப்பு கழித்துக் காதில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் அவதார் சமமான தரையில், காரணமே இல்லாமல், மடங்கிக் கிடந்தது. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது நான் சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதெல்லாம் பதிவாகியிருக்கும். அவன் குரலில் சொன்னேன், "அம்மா, என்னாச்சும்மா? மாமாவைக் கூப்பிடுங்க."

அவள் என் முகத்தை, அதாவது நெட்டையின் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். "பொடியா. போதும்டா. கீழ வா."

ஹெட்செட்டைக் கழற்றினேன். கதவுவரை ஓடினேன், அதுவும் உண்மை. கதவுக்குப் பக்கத்தில்தான் கண்ணாடி மாட்டியிருக்கிறது. நெற்றியிலிருந்து கன்னம்வரை ரத்தச் சிவப்பாகக் கோடு. அன்றைக்குப் பதற்றத்தில் பட்டையை இறுக்கிவிட்டிருந்தேன் போலிருக்கிறது, எப்போதும் இல்லாத ஆழம். இதோடு போய் அவள் முன்னால் குனிந்தால் என்ன நினைப்பாள். இத்தனை நாள் மகனிடம் என்று நினைத்து மனசைத் திறந்து கொட்டியதெல்லாம் இவனிடமா என்று நினைக்க மாட்டாளா. எனக்கு அந்த அவமானத்தைத் தாங்கும் தெம்பு இல்லை.

முகத்தைக் கழுவினேன். துண்டால் ஒற்றினேன். விசிறிக்கு நேராக உட்கார்ந்தேன். கீழே அவள் கூப்பிட்டாள், இப்போது ஒரு தடவைதான் கேட்டது, தரை வழியாக. "பொடியா." வந்துவிட்டேன் அக்கா, இதோ மறைந்துகொண்டிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடி கழுவினேன். கன்னத்தை நீவிவிட்டேன், அது இன்னும் சிவந்தது. மீண்டும் ஒருமுறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன், மூக்குத் தண்டில் மட்டும் லேசாக மிச்சமிருந்தது. அதுவும் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். தெரியும், மேடம். அதை நான் மறுக்கவில்லை. விழவைத்தது நான் நிரவிய படி. சாகவிட்டது நான். நெட்டை கடைசியாக அவளைப் பார்க்காமல் போனதற்கும் நான்தான் காரணம். பிணவறை வாசலில் அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மாதான் மாமா என்ன வர வேண்டாம்னு சொன்னாங்க" என்று அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தலைநிமிர முடியவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் சற்று முன் நீங்கள் கேட்டீர்களே, மகனாக வந்து பேசியது யாரென்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்குமோ என்று, அதை மட்டும் எழுத வேண்டாம். மண்டையில் அடிபட்டவர்கள் எதிரே நிற்பவரை மாற்றிக் கூப்பிடுவது சகஜம். நான் கீழே போய் அவள் ஹெட்செட்டைக் கழற்றியபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. என் முகத்தில் அப்போது ஒரு கோடுகூட இல்லை. கடைசிவரை அக்காவுக்கு எதுவும் தெரியாது, மேடம். அந்த ஒன்றில் நான் கவனமாக இருந்தேன்.